பதினோரு வரிக்கு ஆறு வாரம்

போன மாதம் எங்கள் மெயில் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "பேக்கேஜ் பாலிசியில் ஏழாம் பிரிவு மூன்றாம் விதியை எழுதியது யார்? இவ்வளவு பிடிவாதமான விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போது வந்திருக்கும் புதிய முறைக்கு இது தேவையா?" பழைய ஆட்கள் நாலைந்து பேர் உடனே என் பெயரைப் போட்டுவிட்டார்கள். தேவையில்லை என்றால் தாராளமாக எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். ஆனால் எழுதியது யார் என்ற கேள்விக்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சுகுணா. சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். திருப்பதியில் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். அது சம்பளம் தந்த வேலை. சம்பளம் தராத இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். அதில் ரிட்டயர் ஆக யாரும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

அந்த இரண்டாவது வேலை இதுதான். உலகத்தில் யார் யாரோ மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே வைக்கிறார்கள். அதை எடுத்து, சரிபார்த்து, சாதாரண ஆள் ஒரே கட்டளையில் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும்படி பொட்டலம் கட்டித் தருவது எங்கள் வேலை. அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் பேக்கேஜ். உலகம் முழுக்க நூறு நூற்றைம்பது பேர் ஒரு சமூகமாகச் சேர்ந்து கட்டுகிறோம், பொட்டலங்களெல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் சிஸ்டம். ஆளுக்கு ஒரு விதமாகக் கட்டினால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எல்லாம் உடையும். அதனால் எந்த ஃபைல் எங்கே போக வேண்டும், எதற்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்று விதிகள் உண்டு. அதற்குத்தான் பாலிசி என்று பெயர்.

எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை சபையில் யாரிடமோ, "சுகுணா சாயந்திரமானா பாலிசி வேலையில உக்காந்துடுறா" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, பிள்ளைகள் பேரில் போட நல்ல இன்சூரன்ஸ் எது என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். "சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் இதற்குள் வந்தது ஒரு புகாரால். லேப்பில் இருந்த கம்ப்யூட்டர்கள் கிழடு தட்டியவை. விலை கொடுத்து வாங்கும் சிஸ்டம் எதையும் அவை தாங்காது. எங்கள் சமூகத்தின் சிஸ்டம் பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே செய்தது, அதைப் போட்டேன். எல்லாம் ஓடியது, தெலுங்கு எழுத்து மட்டும் உடைந்து உடைந்து வந்தது. "தெலுங்கு சரியில்லை" என்று எழுதினேன். "சரி செய்து அனுப்புங்களேன்" என்று பதில் வந்தது. கோபத்தில் பதினைந்து நாள் படித்து, சரி செய்து அனுப்பினேன். அப்படியே உள்ளே வந்துவிட்டேன். பயிற்சி என்று சொல்ல எனக்கு இருந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் போகவர மூன்றரை மணி நேரத்தில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கற்றது.

அந்தத் தெலுங்கு எழுத்து பேக்கேஜை அனுப்பியபோதுதான் மாரிட்டைத் தெரிந்துகொண்டேன். பனி விழும் தேசத்தில் ஒரு சின்ன டவுனில், டவுன் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிற வேலை அவளுக்கு. எங்கள் சமூகத்தில் பாலிசியின் ஆசிரியர் அவள். ஒரு விதியைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவள் கை வழியாகத்தான் நடக்க வேண்டும்.

என் பேக்கேஜுக்கு அவளிடமிருந்து பதினான்கு குறிப்புகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தாள். ஒன்றில்கூட "தவறு" என்ற சொல் இல்லை. "நான்காவது வரியில் நீங்கள் செய்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று இருந்தது. காரணம் ஒன்றுமில்லை, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை ஒப்புக்கொண்டு எழுதினேன். "அதுவும் காரணம்தான். அப்படியானால் நம் பாலிசியில் அந்த இடம் தெளிவாக இல்லை" என்று எழுதி, பாலிசியைத் திருத்தினாள். மேலதிகாரி என்றால் நான் பார்த்ததெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை முறைக்கிறவர்களைத்தான். இப்படி ஒருத்தியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எந்த மெயிலுக்கும் அவள் அன்றைக்கே பதில் எழுத மாட்டாள். ஒரு நாள் ஆறவிட்டு மறுநாள்தான் எழுதுவாள். யாராவது புது விதி வேண்டும் என்று கேட்டால் அவளுடைய முதல் கேள்வி, "இதை ஏற்கெனவே யார் செய்துகொண்டிருக்கிறார்கள்?" என்பது. நல்ல பழக்கத்தைப் பார்த்து எழுதுவதுதான் விதி, மனசில் தோன்றியதை எழுதுவது வெறும் ஆசை என்பாள். புது விதிக்கு நடைமுறை இதுதான்: முதலில் முன்மொழிகிறவர் விதியின் வாசகத்தையே எழுதி அனுப்ப வேண்டும், 'இதுமாதிரி ஏதாவது' என்பது செல்லாது. அதன்பின் இரண்டு பேர் ஆதரவு மெயில் போட வேண்டும். எதிர்க்கிறவர் மாற்று வாசகத்தோடு வந்து எதிர்க்க வேண்டும். சண்டை முற்றினால் மாரிட் இரண்டு பக்கத்தையும் தன் சொற்களில் எழுதிப் போடுவாள். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும்வரை மேலே பேசக் கூடாது. கடைசியில் ஏழு நாள் மௌனம். ஏழு நாளில் ஒரு ஆட்சேபணையும் வராவிட்டால் விதி.

ஓட்டெடுப்பு மட்டும் கிடையாது. "ஓட்டெடுத்தால் தோற்றவர்கள் வேலை செய்ய மாட்டார்கள், நாம் எல்லாரும் சும்மா வேலை செய்கிறவர்கள்" என்பாள்.

இனி செல்வியின் கதைக்கு வருகிறேன்.

செல்வி நகரியில் டிசைன் சென்டர் வைத்திருக்கிறாள். சேலையில் வரவேண்டிய பூவையும் கொடியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதன்படி அட்டைகளில் துளை போட்டு, தறிக்காரர்களுக்குக் கொடுப்பாள். அந்த அட்டைகளைக் கயிற்றால் சங்கிலியாகக் கோத்துத் தறியின் மேலே மாட்டினால், துளைக்குத் தக்கபடி நூல் தூக்கி டிசைன் விழும். எங்கள் பாலிடெக்னிக்கில் நடந்த ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருந்தபோது, அந்த டிசைன் வரையும் மென்பொருளை அவளுக்குக் காட்டியது நான். அதை எங்கள் சமூகத்துக்குப் பேக்கேஜ் செய்து கொடுத்ததும் நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேப்பில் இருந்தபோது அவளிடமிருந்து போன்.

"அக்கா, என் மிஷின்ல யாரு கை வெச்சது?"

"யாரும் வைக்கலையே செல்வி. என்ன ஆச்சு?"

"பேரெல்லாம் திரும்பிக்கினு கீதுக்கா. புத்தூர்ல கல்யாணம், இன்னும் பத்து நாளுதான். முந்தானையில பொண்ணு மாப்புள பேரு தெலுங்குல வரணும். ஏழுமலை அண்ணன் ஒரு சாண் நெய்ஞ்சிட்டாரு. நீங்க அனுப்புன அப்டேட்டு வெள்ளிக்கெழமதான் போட்டேன். வேற ஒண்ணுமே நான் தொடல."

அந்த அப்டேட்டை ஐந்து நாளைக்கு முன்னால் அனுப்பியது நானேதான்.

எங்கள் துறைத் தலைவர் நரசிம்முலு சாரிடம் போய் அரை நாள் லீவு கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெள்ளி சீராம்மா? வெள்ளு, வெள்ளு. ரெண்டு ரோஜுலு தீஸ்கோ" என்றார். கல்யாணச் சேலை என்றதும் அரை நாளை இரண்டு நாளாக்கிவிட்டார் மனுஷன்.

நகரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை அண்ணன் தறியில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. தறியில் சேலையின் முகம் கீழ்ப்பக்கம் இருக்குமாம். நெய்கிறவருக்குத் தெரிவது முதுகு. அதனால் அவர் கண்ணுக்கு எழுத்து திரும்பித் தெரிவதுதான் சரி.

"நேத்து எழுத்து நேரா வந்துச்சும்மா. இன்னாடா, இன்னிக்கி படிக்கிற மாதிரி அழகா வருதேன்னு எனக்கே சந்தோசம். ஒரு சாண் போன பின்னாலதான் பொறி தட்டிச்சு. மேல நேரா வந்தா கீழ திரும்பிக்கினு இல்ல இருக்கும்!"

கீழே குனிந்து பார்த்தேன். லாவண்யா, மகேஷ் என்ற இரண்டு பேரும் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பி நின்றார்கள்.

செல்வியின் கம்ப்யூட்டரைத் திறந்தேன். டிசைன் மென்பொருளுக்கு ஒரு அமைப்பு ஃபைல் உண்டு. தறியில் நூல் தூக்கும் முதல் கொக்கி எந்தப் பக்கம் என்பது அதில் ஒரு வரி. மென்பொருளோடு வருவது 'இடது'. செல்வி ரெண்டு வருஷத்துக்கு முன்பே தன் தறிக்காரர்களுக்குத் தோதாக அதை 'வலது' என்று மாற்றியிருந்தாள். என் அப்டேட் வந்து அவளுடைய ஃபைலின் மேலேயே புது ஃபைலை வைத்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லாமல், சத்தமில்லாமல். அவள் செய்த மாற்றம் போயே போய்விட்டது.

இடது என்பதை வலது என்று மாற்ற எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அட்டைகளை மறுபடி துளை போட்டுக் கோக்க அன்று ராத்திரி வரையும் மறுநாள் பாதியும் ஆனது. நானும் உட்கார்ந்து கோத்தேன். ஏழுமலை அண்ணன் நெய்த ஒரு சாணை இழை இழையாகப் பிரித்தார். செல்வி என்னை ஒரு சொல் திட்டவில்லை. மத்தியானம் தட்டு வைத்து, "துன்னுட்டுக் கோக்கலாம்க்கா, அட்டை எங்கியும் போவாது" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சேலை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் புத்தூர் போய்ச் சேர்ந்தது. போனில் செல்வி அதைச் சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

நகரியிலிருந்து திரும்பி வந்த அன்றே முன்மொழிவு எழுதினேன். 'பயனர் மாற்றி வைத்திருக்கும் அமைப்பு ஃபைலை எந்த பேக்கேஜும் கேட்காமல் மாற்றக் கூடாது. எதை வைக்க வேண்டும் என்று அப்டேட்டின்போது அவரைக் கேட்க வேண்டும்.' பெரிய சமூகங்கள் இதையெல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டன என்பது எனக்குத் தெரியும். எங்களுடையது சின்னது, பேக்கேஜைக் கம்ப்யூட்டரில் பொருத்தும் எங்கள் இன்ஸ்டாலருக்கு அந்த வித்தை அப்போது தெரியாது. மறுநாளே இரண்டு பேர் ஆதரவு தந்தார்கள். முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பாவ்லோவிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் இன்ஸ்டாலரை எழுதியவன் அவன். தென் அமெரிக்காவில் பெரிய ஆற்றங்கரை ஊர்களில், படகில் மட்டுமே போகக்கூடிய பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர்களை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவை ஆளில்லாத நேரத்தில் தாமாகவே அப்டேட் ஆகும். நடுவில் ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் இல்லை. திரை அப்படியே நிற்கும். அவன் படகேறிப் போய் ஒவ்வொன்றாக எண்டர் தட்ட வேண்டும். "உன் ஒரு சேலைக்காக என் பள்ளிக்கூடங்களை நிறுத்தச் சொல்கிறாயா?" என்று முடித்திருந்தான்.

எனக்கு வந்ததே கோபம். கைநோக அட்டை கோத்தது நான். "ஒரு சேலை என்கிறாயே, அது ஒருத்தியின் பிழைப்பு. உன் சோம்பலுக்கு அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று பஸ்ஸில் இருந்தபடியே எழுதி அனுப்பிவிட்டேன். பாகாலா தாண்டுவதற்குள்ளேயே, அனுப்பியிருக்கக் கூடாது என்று தோன்றியது. மூன்று வாரம் மாறி மாறி எழுதிக்கொண்டோம். வேறு பத்துப் பதினைந்து பேரும் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் விலகிப் போவேன் என்றார்.

மாரிட் வந்தாள். வழக்கம்போல ஒரு நாள் தாமதமாக. "இருவரின் மெயில்களையும் வாசித்தேன். இருவரும் உங்களுக்காகப் பேசவில்லை, எதிரில் இல்லாத மனிதர்களுக்காகப் பேசுகிறீர்கள். இந்த வாதத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்" என்று ஆரம்பித்தாள். பிறகு இரண்டு பக்கத்தையும் எழுதினாள். பாவ்லோ சொல்வது இது: ஆளில்லாத கம்ப்யூட்டர் நிற்கக் கூடாது. சுகுணா சொல்வது இது: ஒருவர் தன் கையால் செய்த மாற்றம் அழியக் கூடாது. "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று நான் எழுதினேன். அவனும் எழுதினான். மூன்று வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை எழுதியது அன்றைக்குத்தான்.

அடுத்து அவள் எனக்குத் தனியாக ஒரு மெயில் போட்டாள். "சேலைக்காரப் பெண்ணைக் கேளுங்கள். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி திரையில் வந்தால் அவர் என்ன செய்வார் என்று பாருங்கள்."

சனிக்கிழமை மறுபடி நகரிக்குப் போனேன். விதியில் நான் எழுதிய கேள்வி அப்படியே திரையில் வரும்படி என் லேப்டாப்பில் செய்து எடுத்துப் போயிருந்தேன். தெலுங்கில்தான், நல்ல பெரிய எழுத்தில். 'அமைப்பு ஃபைல் மாற்றப்பட்டுள்ளது. எதை வைத்துக்கொள்ள வேண்டும்? உங்களுடையதா, புதியதா?' எண்டர் தட்டினால் புதியது என்று அர்த்தம்.

"செல்வி, இந்த அப்டேட்டைக் கொஞ்சம் போட்டுக் காட்டு" என்றேன். அவள் ஒரு கையில் நூல்கண்டு வைத்துக்கொண்டு, வாசலில் வந்த தறிக்காரரோடு பேசிக்கொண்டே, இன்னொரு கையால் எண்டர், எண்டர், எண்டர் என்று தட்டினாள்.

"ஆயிடுச்சிக்கா."

"நடுவுல ஒரு கேள்வி வந்துச்சே?"

"கேள்வியா? நான் பாக்கலியே. அது எப்பவும் ஏதாச்சும் சொல்லிக்கினே இருக்கும்."

மறுபடி ஓடவிட்டுக் கேள்வியைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"இதுக்கு இன்னாக்கா சொல்றது? அந்தப் புதுசுல இன்னா கீதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்னுதைத் தொடாதீங்க. உங்களுதை வேணும்னா பக்கத்துல வெச்சிட்டுப் போங்க. நேரம் கெடைக்கச்சொல்ல பாத்துக்கறேன். இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரம் இருபது பேர் தலையை உடைத்துக்கொண்ட விஷயம். என் விதிப்படியே நடந்திருந்தால்கூட அவளுடைய ஃபைல் அழிந்திருக்கும், கேள்விக்கு அவளே எண்டர் தட்டி அழித்திருப்பாள். கேள்வியே கேட்காவிட்டால் பாவ்லோவின் பள்ளிக்கூடங்களும் நிற்காது!

அங்கேயே, அட்டைக் கட்டின் மேல் லேப்டாப்பை வைத்து எழுதினேன். 'பயனர் மாற்றியிருந்தால் அவருடைய ஃபைலைத் தொடாதே. புதியதை வேறு பெயரில் அதன் பக்கத்தில் வை. வைத்ததை ஒரு வரியில் சொல். கேள்வி கேட்காதே.' மேலே, என் முதல் முன்மொழிவு தவறு, செல்வி அதைப் பத்து நொடியில் காட்டிவிட்டாள் என்றும் எழுதினேன். பாவ்லோவைச் சோம்பேறி என்றதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

பாவ்லோ ஒரு மணி நேரத்தில் பதில் போட்டான். "ஒரு கம்ப்யூட்டர்கூட நிற்காமல் இதைச் செய்யலாம். இன்ஸ்டாலரை நான் மாற்றுகிறேன், இரண்டு நாள் கொடு. சேலையைப் பற்றி அப்படி எழுதியது என் தப்பு. படம் இருந்தால் அனுப்பு, என் அம்மா பார்க்க வேண்டும் என்கிறாள்." சேலையின் படத்தை அனுப்பினேன். எழுத்து நேராக இருந்த படத்தைத்தான்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் மாரிட் மறுநாள் எண் போட்டு ஒரே ஒரு குறிப்பு அனுப்பினாள். "ஒன்று: பயனர் அந்த ஃபைலை அழித்திருந்தால்?"

அழித்திருந்தால் புதியதை வைக்க வேண்டியதுதானே என்றான் பாவ்லோ. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் பழக்கதோஷத்தில் செல்விக்குப் போன் போட்டேன்.

"செல்வி, நீ எப்பவாச்சும் ஏதாவது ஃபைலை அழிச்சிருக்கியா?"

"ஏங்க்கா, அழிக்கக் கூடாதா?" என்றாள் பயந்துபோய். "மிஷின் போட்டவுடனே டொய்ங்குன்னு ஒரு சத்தம் வருமே, பாப்பா முழிச்சிக்குதுன்னு அதை அழிச்சேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது திரும்ப வந்துடுது. நானும் திரும்ப அழிச்சிக்கினே கீறேன். இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ நல்லா இரு" என்று போனை வைத்தேன்.

விதியின் கடைசி வரி அப்படி வந்தது. 'நீக்கியதும் ஒரு மாற்றமே. அதையும் மதிக்க வேண்டும்.' பாலிசி முழுவதிலும் எனக்குப் பிடித்த வரி இன்றைக்கும் அதுதான். அந்தப் புதுப் பெண் பிடிவாதம் என்று சொன்னதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

வாசகத்தைச் செதுக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. 'வை' என்பதா 'வைக்க வேண்டும்' என்பதா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். விலகிப் போவேன் என்றவர்தான் அதில் ரொம்ப அக்கறையாக இருந்தார். பதினோரு வரி வந்தது. ஏழு நாள் மௌனம் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் மெயிலைத் திறக்கும்போது யாராவது ஆட்சேபித்திருப்பார்களோ என்று முதலில் அதைத்தான் தேடுவேன். ஏழாம் நாள் மாலை காணிப்பாக்கம் அருகே பஸ் வந்துகொண்டிருந்தபோது மாரிட்டின் மெயில் வந்தது. "ஆட்சேபணை இல்லை. விதி 7.3 நடைமுறைக்கு வருகிறது." நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "ஏமம்மா, லாட்டரி தகிலிந்தா?"

"லேதண்டி, பாலிசி பாஸ் அயிந்தி" என்றேன், லாட்டரி விழவில்லை, பாலிசி பாஸ் ஆகியிருக்கிறது என்று.

"எந்த ஒச்சிந்தி?" என்று கேட்டார். எவ்வளவு கிடைத்தது என்கிறார். பஸ்ஸில் எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதினோரு வரி என்று சொன்னேன். யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

விதி எழுதினால் போதாது, அதன்படி எல்லா பேக்கேஜையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு எழுத்து எடுத்துக்கொண்டோம். எனக்கு 'எஸ்' எழுத்தில் தொடங்குபவை, அதுதான் எல்லாவற்றிலும் நீளம். பாவ்லோ தன் பங்கை முடித்துவிட்டு என் பங்கில் பாதியையும் கேட்காமலே எடுத்துக்கொண்டான். திரையில் வர வேண்டிய அந்த ஒரு வரியைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியது நான். 'உங்கள் அமைப்பு ஃபைல் மாற்றப்படவில்லை. புதியது அதன் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது.'

ரிட்டயர் ஆன வருஷம் விஜயபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். என் நாத்தனார் வீட்டுக்குப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சீட்டு வாங்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "ஒரு நிமிஷம் ஆன்ட்டி, அப்டேட் ஓடிக்கினு கீது" என்றாள். திரையைப் பார்த்தேன். எங்கள் சிஸ்டம்! இந்த ஊர் வரை எப்படி வந்ததோ தெரியவில்லை. வரிகள் மேலே ஓடிக்கொண்டே இருந்தன. ஓடி ஓடி, நின்றது. கடைசியில் என் வரி. என் தமிழ்.

"இது என்னம்மா, ஏதோ வந்திருக்கே?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, எனக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி, பயப்படாதீங்க. நம்முளுது பத்திரமா கீதுன்னு சொல்லுது."

அன்று சாயந்திரமே அவள் சொன்ன அந்த ஒரு வரியை மாரிட்டுக்கு மொழிபெயர்த்து எழுதினேன். பதில் அன்றைக்கே வந்தது. அவளிடமிருந்து எனக்கு அப்படி வந்தது அந்த ஒரு தடவைதான். "நமக்குப் பதினோரு வரி தேவைப்பட்டது. அந்தப் பெண்ணைக் குழுவில் சேரச் சொல்லுங்கள்."

சொன்னேன். அந்த வருஷமே சேர்ந்துவிட்டாள். இப்போது 'எஸ்' எழுத்து அவளுடையது.